காதுக்காரக்காவின் அறைகள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் காதுக்காரக்கா நாற்காலியைத் தேட மாட்டார். நடுவில் போய் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். பலமாக அல்ல, கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிடுவது போல. பிறகு தலையைச் சற்றே சாய்த்து, அந்தச் சத்தம் சுவர்களில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று கேட்பார். அடுத்து, மேஜைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கீழே தெருவில் வண்டி போனால் மேஜை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான். கடற்கரையில் புதிதாக விடுதி கட்டியவர், "வெளியூர்ல இருந்து வந்து வேலை பாக்குறவங்களுக்குன்னே ஒரு மாடி போட்டிருக்கேன், வந்து பாருங்க" என்று அவரை அழைத்துப் போனார். ஊஞ்சல் இருக்கை, மெத்தை மூட்டை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அக்கா கை தட்டினார். கேட்டார். "தூங்கறதுக்கு நல்ல ரூம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அலைச்சறுக்குப் பலகையோடு வருகிறார்கள். மீதிப் பேர் லேப்டாப்போடு வருகிறார்கள். இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள் வரைபடக்காரி. தொலைதூர நகரத்து நிறுவனம் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் போட்டுக்கொடுப்பது அவள் பிழைப்பு. ஜன்னலில் கடல், மடியில் வேலை என்று கனவு கண்டு வந்தவளுக்கு முதல் வாரமே கண்ணைக் கட்டிவிட்டது. விசைப்பலகைக்குள் மணல். வெயிலில் திரை தெரியவில்லை. இணையவழிக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததும் மேலதிகாரி கேட்டார்: "உன் பின்னாடி யாராவது ஏதாவது பொரிச்சுக்கிட்டு இருக்காங்களா?" அது அலைச் சத்தம்.

காப்பிக்கடைக்காரர்தான் அவளை அக்காவிடம் அனுப்பினார். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பேசற வேலையா, பாக்கற வேலையா?"

"பாக்கறது. வரையறது."

"அப்ப உனக்குக் காது பிரச்சினை இல்ல, கண்ணுதான் பிரச்சினை. நூலகத்துல மாடிப்படி திரும்புற இடத்துல ஒரு மேஜை இருக்கு. ரெண்டு மணிவரைக்கும் வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. ரெண்டுக்கு மேல எதிர்ச் சுவருக்குப் போயிடு. சிக்னல் கொஞ்சம் குறையும், ஆனா கண்ணு தப்பிச்சிடும்."

வரைபடக்காரி போய் உட்கார்ந்தாள். சரியாக இரண்டு மணிக்கு வெயில் மேஜையின் ஓரத்தைத் தொட்டது. பத்து வருடமாக அறைகளை வரைந்து தள்ளியவள் அவள். எந்த அறைக்கு எப்போது வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட அவளுக்குக் கணினி வேண்டும். இவருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அக்கா போகும் இடமெல்லாம் அவளுக்கும் போகத் தோன்றியது.

அக்கா இந்த ஊருக்குத் தங்கையின் பிரசவத்துக்குப் பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர். ஆறு வருடமாகிவிட்டது. தங்கை அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுப்பவர். பிறந்தது இரட்டை. "ஒண்ணு அழுதா இன்னொண்ணு தாளம் போடும். அந்த வீட்ல எப்படிப் போன் பேசறது?" அப்படித்தான் இடம் தேடிக் கிளம்பினார். முழங்காலுக்குமேல் கடலில் இறங்கியதில்லை. ஆனால் காலையில் பல் துலக்கும் முன் அலை நிலவரத்தைப் பார்த்துவிடுவார். "அலை நல்லா இருந்தா கடையெல்லாம் காலி. அலை செத்துக் கெடந்தா அத்தனை பேரும் கடையிலதான் கெடப்பாங்க." ஓட்டலின் பின்பக்கத்துத் துணி துவைக்கும் அறையும் அவருக்குப் பிடித்தமான இடம். இயந்திரங்கள் இரையும் அறையில் எப்படிப் பேச முடியும் என்று வரைபடக்காரி கேட்டாள். "ஒரே மாதிரி வர்ற சத்தம் சத்தமே இல்லம்மா, ஹெட்செட் அதை முழுங்கிடும். நின்னு நின்னு வருது பாரு, அதுதான் ஆளைக் கொல்லும்."

எல்லாவற்றையும்விட நல்ல இடம், கடலுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உடைகளை வாடகைக்கு விடும் கடையின் உள்ளறை. நாலு வரிசையாகத் தலையில்லாத ஆட்களைப் போல உடைகள் தொங்கும். நடுவில் நின்று பேசினால், பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்டதுபோல் குரல் வாயோடு நின்றுவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? அக்கா ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர். எங்கோ ஓர் ஊரில் மருத்துவருக்கு நோயாளியின் மொழி தெரியாது, நோயாளிக்கு மருத்துவரின் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அக்காவின் குரல் நிற்கும். வந்த புதிதில் காப்பிக்கடை மூலையில் உட்கார்ந்து, "எனக்கு மூணு நாளா மூச்சு முட்டுது, படுக்கவே முடியல" என்றார். பரிமாறும் பெண் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்து முதுகைத் தடவிவிட ஆரம்பித்துவிட்டாள். கடையே எழுந்து நின்றது. அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொள்வார். "நான்-னுதான் சொல்லணும். 'அவங்க சொல்றாங்க'ன்னு ஆரம்பிச்சா நடுவுல நான் ஒருத்தி வந்துடுவேன். நான் வரக்கூடாது. அவங்க வலியை ஊர் கேக்கவும் கூடாது." அன்றோடு, வேறு காது கேட்கும் இடத்தில் அவர் அழைப்பை எடுப்பதில்லை.

அலைச்சறுக்குப் போட்டி நடந்த அன்று வரைபடக்காரி நூலகத்தில் மாடிப்படித் திருப்பத்து மேஜையில் இருந்தாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பின்னறையில் அழைப்பில் இருந்தார். காலை பதினோரு மணிக்குக் கடற்கரையில் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. நூலகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அத்தனையும் கிடுகிடுத்தன. அடுத்த நொடி பின்னறைக் கதவு திறந்தது. காதில் ஹெட்செட்டோடு அக்கா வெளியே வந்தார். முதலில் மருத்துவரின் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு, வரைபடக்காரி அவரிடம் அதுவரை கேட்டிராத ஒரு மெத்தென்ற குரலில் சொன்னார்: "அம்மா, இப்ப பேசறது மொழிபெயர்ப்பாளர். நான் இடம் மாறணும். ரெண்டே நிமிஷம். லைன்லயே இருங்க. நான் எங்கயும் போயிடல."

அழைப்பைத் துண்டித்தால் அந்த அம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்க அரைமணி நேரம்கூட ஆகலாம். அக்கா எதுவும் விளக்கவில்லை. கையைக் காட்டினார். வரைபடக்காரி லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு, அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் உடைக் கடை எதிர்ச் சந்தில்தான் இருந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளினார்கள். நாலு கம்பியும் மொட்டையாக நின்றன. போட்டிக்கு வந்தவர்கள் எல்லா உடைகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். அக்கா கை தட்டினார். வெறும் சுவர்கள் தட்டலை இரட்டிப்பாகத் திருப்பி அனுப்பின. அக்கா தலையசைத்துவிட்டுத் திரும்பினார்.

ஓட்டல் என்றால் தெருக்கோடி. ஒரு நிமிடம் போயிருந்தது. வரைபடக்காரியின் மூளையில் அந்த ஊரின் வரைபடம் முழுவதும் ஓடியது, ஓர் அறைகூடச் சிக்கவில்லை. அக்காவோ சத்தம் வரும் திசையை நோக்கியே விறுவிறுவென்று நடந்தார். போட்டி மேடையை நோக்கி. இவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைத்தபடியே அவள் பின்னால் ஓடினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மேடையைச் சுற்றி, ஒலிபெருக்கிகளின் முதுகுப் பக்கம் போனதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவை எல்லாம் கடலைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் சத்தம் பாதிகூட இல்லை. விளக்கடியில் இருட்டு என்பார்களே, அதுபோல அங்கே ஓர் அமைதி கிடந்தது. அந்த அமைதிக்குள் கான்கிரீட்டில் ஒரு சிறிய அறை. கடல் காவலர்கள் மிதவை உடைகளை வைக்கும் கிடங்கு. சுவர் தெரியாமல் உடைகள் தொங்கின.

வாசலில் இருந்த காவலரிடம் அக்கா இரண்டு கையையும் கூப்பினார். அவர் வழிவிட்டார். அக்கா உள்ளே போய், குவிந்திருந்த மிதவை உடைகளைத் தள்ளி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினார். கதவு மூடுவதற்கு முன் வரைபடக்காரி கேட்டது இவ்வளவுதான்: "அம்மா, வந்துட்டேன். டாக்டர் சொல்றதை இப்ப சொல்றேன்."

அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றாள். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய கம்பி ஜன்னல். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். அக்கா கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவருக்காகப் பேசும்போது இடது கை மெல்ல அசைந்தது, அந்த அம்மாவுக்காகப் பேசும்போது வலது கை. முகம் ஒரு கணம் யாரோ ஒரு பொறுமையான ஆணின் முகமாக இருந்தது. அடுத்த கணம் அதே முகம் நடுங்கியது. உதடு கோணியது, ஆனால் கண்ணில் நீர் இல்லை. அழுகை அந்த அம்மாவுடையது. இவர் அதைச் சிந்தாமல் எடுத்துப்போய் அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே ஆயிரம் பேர் அலைமேல் நின்றவர்களைப் பார்த்து ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தார்கள். வரைபடக்காரி ஒருதடவைகூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவை லேசாகத் தட்டும் ஓசை கேட்டது. திறந்தாள். அக்கா ஹெட்செட்டைக் கழற்றியிருந்தார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"என்னாச்சுக்கா? நல்லபடியா…"

"பேசி முடிச்சாச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவங்களோடது. எனக்குச் சொல்ல மாட்டாங்க. நானும் கேக்கக் கூடாது."

பிறகு அவர் தாம் தள்ளிவைத்த மிதவை உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கிகளில் மாட்டத் தொடங்கினார். வரைபடக்காரி உதவப் போனாள். பெரியவற்றை எல்லாம் அவளிடம் கொடுத்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. நாலு வயதுக் குழந்தைக்கு ஆகும், ஆரஞ்சு நிறம். அதை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. மடியில் வைத்து, வார்களை நேராக்கி, மூன்று வார்ப்பூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து, கழன்றுவிடாது என்று பார்த்தார். அந்த அழைப்பு ஒரு குழந்தையைப் பற்றியது என்று வரைபடக்காரிக்கு அப்போதுதான் தோன்றியது. பிறகு எழுந்து, எட்டிய மட்டும் உயரமான கொக்கியில் மாட்டினார்.