மாத்திரைக்குள் உயிரோடு

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு சிறிய மருந்துத் தொழிற்சாலை. மாத்திரைக்கான கலவையை உருவாக்குவது என் வேலை. என் தோழி அங்கேயே நுண்ணுயிர் ஆய்வகத்தில் இருந்தாள். இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருவோம். எனக்காகப் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள்.

அந்த வருஷம் எங்களுக்கு வந்தது புரோபயாடிக் மாத்திரை. வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை உலர்த்திய பொடியை மாத்திரையாக அழுத்த வேண்டும். அது மருந்துக் கடையில் மாதக்கணக்காக இருந்தும் சாகாமல், இரைப்பையின் அமிலத்தையும் தாண்டி, குடலுக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். தலைவலி மாத்திரை செய்து பழகிய எனக்கு உயிருள்ள சரக்கு அதுதான் முதல்முறை.

முதல் மாத்திரைகள் கல் மாதிரி உறுதியாக, வழவழவென்று வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் கழித்து அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"ஏட்டி, அம்புட்டும் செத்துப் போச்சு."

"நீ டெஸ்ட்ட சரியா பண்ணியிருக்க மாட்ட."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் வேறு யாரோ ஒரு அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அழுத்துவதற்கு முந்தைய பொடி, மெஷின் ஓடத் தொடங்கியதும் வந்த மாத்திரை, கடைசியில் வந்த மாத்திரை என்று மூன்றை எடுத்து, மாத்திரைகளையும் பொடித்து, எது எது என்று சொல்லாமல் அவளிடம் கொடுத்தேன். முடிவு வந்ததும், பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் மூன்று கண்ணாடித் தட்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்தாள். பொடியின் தட்டில், உயிரோடிருந்த பாக்டீரியா வெள்ளைப் புள்ளிகளாக நெருக்கமாக முளைத்திருந்தது. அடுத்ததில் அங்கொன்று இங்கொன்று. கடைசித் தட்டு வெறுமை. எது எது என்று சொன்னேன்.

"மெஷின் ஓட ஓட சூடாவுதுல்லா? போதாததுக்கு நீ வேற இந்த நசுக்கு நசுக்கியிருக்க. பாவம், எப்படிப் பொழைக்கும்?" என்றாள்.

"தப்பு என் மேலதான்ட்டி."

"அதச் சொல்ல இத்தன நாளாச்சா?" என்றாள். ஆனால் அன்று பஸ்ஸில் பை என் சீட்டில் இருந்தது.

அழுத்தத்தைக் குறைத்தேன். மாத்திரை கையிலேயே உதிர்ந்தது. "திருநீறு மாதிரில்லா இருக்கு," என்று சிரித்தாள். பொடியோடு கலப்பதற்கு, லேசான அழுத்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும் வேறு மாவுக்கு மாறினேன். ஈரம் பட்டால் பாக்டீரியா சீக்கிரம் செத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தினேன். அமிலம் தாக்காமலிருக்க, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்த்தேன். மெஷினை மெதுவாக, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினோம்.

ஈரம் புகாத அலுமினியத் தாளில் அடைத்த மாத்திரைகள், கடையில் தாங்குமா என்று பார்க்க, சூடும் ஈரமுமான பெட்டிக்குள் மாதக்கணக்கில் இருந்தன. வெளியே எடுத்து, இரண்டு மணி நேரம் அமிலத்தில் ஊறவிட்டு, அவள் தட்டில் இட்டாள். மூன்றாம் நாள் காலை போனில் கூப்பிட்டாள்.

"செத்த நேரம் இங்க வாட்டி."

ஓடினேன். தட்டை விளக்குக்கு நேரே பிடித்திருந்தாள். கொஞ்சம் செத்திருந்தன, அதற்கும் சேர்த்துத்தான் கூடுதலாகப் போட்டிருந்தோம். மற்றவை முளைத்திருந்தன. தட்டின் அடியில் அவள் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்க, நான் எண்ணினேன். பாதியில் இருவருக்கும் கணக்குத் தவறியது. சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தோம்.