அருள்தாஸின் இசைத்தட்டு

வாத்தியம் வாசித்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு விடுகதை: ஒருவனை வில்லால் இழைத்தால் பேசுவான், இன்னொருவனை விரலால் கிள்ளினால் பேசுவான், இருவரையும் சுமக்கிறவன் மட்டும் பசியோடு நடப்பான். யார் அவர்கள்? முதலாமவன் வயலின், இரண்டாமவன் கிட்டார். மூன்றாமவன் நாம்தான்.

ஜப்பான்காரர் ஆட்சியில் கோலாலம்பூர் வானொலியில் நான் வயலின்காரன். அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு வில்லைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும்.

அசையாத சுரம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அருள்தாஸ் பகலில் கிளார்க்கு. மாலையில் மேல்நாட்டு முறைப்படி கிட்டார் வாசிப்பவர். சயாமில் ஜப்பான்காரர் போடுகிற ரயில்பாதைக்குப் போகும் ஆட்களில் அவர் பெயரும் வந்துவிட்டது. போவதற்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து, எட்டு வயது மகள் ரோசிக்கு விட்டுப் போக வேண்டும் என்றார். கிட்டாரும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் பழைய பாட்டு அது. அவரிடமிருந்த தாளில் எழுதியவர் பெயரைச் செல் அரித்திருந்தது. யாரும் வாசித்து அவரே கேட்டதில்லை.

எனக்கு மேல்நாட்டுக் குறியீடு தெரியாது. அவர் ஒவ்வொரு அடியாக வாசிக்க, நான் ஸ ரி க ம என்று எழுதிக்கொண்டேன். பழக்க தோஷம், நீண்ட சுரம் வந்தால் என் விரல் தானாக அசைந்து கமகம் போடும். கிட்டாரின் சுரமோ நட்ட கம்பம்போல் நிற்கும். இரண்டும் உரசின. மூன்றாம் முறை அவர் வாசிப்பை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க அசைக்கிறது அழகாத்தான் இருக்கு. என் கிட்டார்ல குறுக்க பித்தளைக் கம்பி அடிச்சு வச்சிருக்கான். நான் எப்படி உங்க பின்னால வழுக்கிட்டு வர்றது?"

கிள்ளான் நரம்பு

கிட்டார் நரம்பு ஒன்று அறுந்தது. கடைகளில் மாற்று நரம்பு கிடையாது. இருவரும் கிள்ளான் பாசாருக்குப் போய், சந்தை மீன்காரரிடம் தூண்டில் நரம்பு கேட்டோம். அருள்தாஸ் ஒவ்வொன்றாக இழுத்து, காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். மீன்காரர் கூடையை மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னோம்.

"தண்ணியில போட்டா மீனாவது மாட்டும் அண்ணே. பசிக்கிற நேரத்துல அதைக் கட்டையில கட்டிக் கிள்ளப் போறீங்களா?"

பெயர் இல்லாதவர்

பதிவுக்கு ஜப்பானிய அதிகாரியின் அனுமதி வேண்டும். எதிரி நாட்டு இசை கூடாது என்பது சட்டம். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டார். அருள்தாஸ் செல்லரித்த தாளை இரு கைகளாலும் நீட்டினார். அதிகாரி மறுத்தால் ரோசிக்கு ஒன்றும் மிஞ்சாது. அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மலாய் மொழியில் சொன்னார்:

"பெயர் இல்லாதவன் எதிரியாக முடியாது. வாசியுங்கள்."

மேசை மேல் வித்வான்

பதிவு இயந்திரம் வானொலியில் வேலை பார்த்த காதர் பாய் கையில் இருந்தது. வெற்றுத் தட்டு ஒன்றே ஒன்று மீதி. பாட்டை ஊசியால் தட்டில் கோடாக வெட்டித்தான் பதிவார்; தவறினால் மறுபடி வெட்ட வழியில்லை.

மைக்கும் ஒன்றுதான். அருள்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைச் செங்கல்மேல் வைத்து வாசிப்பவர். நான் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவன். மைக்கை உயர்த்தினால் என் வயலின் கேட்கவில்லை. தாழ்த்தினால் அவர் கிட்டார் கேட்கவில்லை. காதர் பாய் இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு என்னை மேலே ஏற்றினார்.

"சாமி சிலை மாதிரி இருக்கீங்க அண்ணே. வரமெல்லாம் வேணாம், தப்பில்லாம வாசிங்க, போதும் லா" என்று மலாய்க்காரர் பாணியில் இழுத்தார்.

கடைசிக் கோடுகள்

தப்பில்லாமல் வாசித்தோம். நீண்ட சுரத்தில் என் விரல் அசையவில்லை. தூண்டில் நரம்பு தாங்கியது. காதர் பாய் வெட்டூசியைத் தூக்கும்வரை மூச்சு விடக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் அருள்தாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிவிட்டார். "வந்துச்சா அண்ணே? ரோசி கேட்டா சிரிப்பா." அதுவும் தட்டில் ஏறிவிட்டது.

"பேசிட்டியே அருளு! இதை இனி அழிக்க முடியாது லா!" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

மூங்கில் ஊசி

அருள்தாஸ் சயாம் போனார். ரோசி வீட்டில் கிராமபோன் இல்லாததால் தட்டு வானொலி அலமாரியிலேயே கிடந்தது. சண்டை முடிந்து, சயாமிலிருந்து பிழைத்து வந்தவர்கள் அவர் காய்ச்சலில் இறந்த செய்தியைச் சொன்னார்கள். காதர் பாய் தட்டைக் கைலியில் சுற்றி, கிராமபோனோடு என்னையும் அழைத்துக்கொண்டு ரோசி வீட்டுக்குப் போனார். இரும்பு ஊசி கிடைக்காததால் மூங்கிலைச் சீவி ஊசியாக்கி இருந்தார்.

ஒரு முறை முழுக்கப் போட்டோம். பாட்டு முடிந்து அப்பாவின் குரல் வந்ததும் ரோசி கிராமபோனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காதர் பாய் தட்டை நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

"பாப்பா, இது மெழுகு மாதிரி இளசு. போடப் போட ஊசி பட்ட இடம் தேஞ்சு போயிடும். வேற தட்டு கிடையாது. ஊசியை எங்க வைக்கட்டும்?"

நாங்கள் அவ்வளவு பாடுபட்டு வாசித்த பாட்டை விட்டுவிட்டு, கடைசியில் இருந்த பேச்சில்தான் வைக்கச் சொன்னாள் ரோசி.