கைரேகை மிஷினும் கடைசி நாளும்

பிள்ளைகளே, பாகலூர் ஜெபக்கூட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பிரசங்கியார், கம்பெனி கேட்டில் கைரேகை வைப்பதே, கடைசி நாளில் வரும் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்றார். என்னோடு வேலை செய்யும் உங்கள் மாமா, மறுநாள் விரல் வைக்க மறுத்தார். வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் எச்சரித்தார்.

எனக்கு அந்தப் பிரசங்கியார்மேல் சந்தேகம். அடுத்த கூட்டத்தில் அவர் கட்டைவிரலை வைத்துச் செல்போனைத் திறந்ததை மாமாவுக்குக் காட்டினேன்.

"அது அவுரு சொந்த போனு மச்சான்."

"அப்ப கம்பெனி மிஷின்ல மட்டும்தான் சாத்தான் குந்தினு இருக்கானா மாப்ள?"

மாமா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

யூதர்கள் மேசியாவின் சமாதான நாளுக்குக் காத்திருக்கிறார்கள். நாம் இயேசு திரும்பி வருவதற்கு. இரண்டும் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டவை. அவற்றை வைத்துப் பயமுறுத்துகிறவரை நான் நம்பமாட்டேன்.

திங்கட்கிழமை மாமா கண்ணை மூடி ஜெபித்துவிட்டு விரலை வைத்தார்.

"ஜெபம் முடிஞ்சுதா? நகருப்பா, ஷிப்டுக்கு நேரமாவுது!" என்றது வரிசை.