கோதண்டபாணியின் வலது காது

மந்தைவெளியில் எங்கள் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த கோதண்டபாணியை எல்லோரும் 'சைரன்காரர்' என்றுதான் சொல்வார்கள். சண்டைக் காலத்தில் அபாயச் சங்குக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டதாம். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், அவரும் மறுக்கமாட்டார். நான் அமீனா பீ, பக்கத்து வீட்டுக்காரி. என் வீட்டுக்காரர் அப்துல் வஹீத் தையல் மெஷின் போட்டிருந்த அறைக்கும் அவர்கள் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எது கதை, எது நடந்தது என்று எனக்குத் தெரியும்.

நல்ல மனுஷர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

சின்ன வயதில் அம்மை போட்டு அவருக்கு இடது காது செத்துப்போயிருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். இருந்த ஒரு காது மட்டும் பாம்புக் காது. பஞ்சரான டியூபைத் தண்ணீரில் முக்காமல், வலது காதோரம் வைத்துச் சுற்றிக்கொண்டே வருவார். "இங்க கீது" என்று விரலை வைத்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

அவர் மனைவி பாஞ்சாலி அக்காவுக்குச் சன்னக் குரல். அவள் அடுப்படியில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் வாசலில் ரிம் தட்டிக்கொண்டிருக்கும் அவர் மட்டும் நிமிர்வார், வேறு யாருக்கும் கேட்காது. பிள்ளைகுட்டி இல்லை. பொழுது சாய்ந்து கடையை மூடியதும் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். யார் சைக்கிளை வளைத்துக்கொண்டு வந்தான், மார்க்கெட்டில் கத்தரிக்காய் எப்படி விற்றது, எல்லாம் பேச்சுதான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு முணுமுணுப்பாகக் கேட்கும். நடுநடுவே அக்கா சிரிப்பாள். எங்கள் வீட்டில் மெஷின் சத்தம் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சப் பேரைப் பார்த்துக்கொள்ள ஏ.ஆர்.பி. என்று விமானத் தாக்குதல் காவலுக்குத் தெருவுக்குத் தெரு ஆள் சேர்த்தார்கள். கோதண்டபாணி சேர்ந்துவிட்டார். கையில் பட்டை, கழுத்தில் விசில். சங்கு ஊதினால் குப்புறப் படுக்கவேண்டும், குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழியாமல் இருக்கக் காதில் பஞ்சு அடைக்கவேண்டும், பல்லுக்கிடையில் ஒரு கட்டையைக் கடித்துக்கொள்ளவேண்டும் என்று வீடு வீடாக வந்து பாடம் நடத்தினார். அவர் நடந்த நடையைப் பார்த்தால் சண்டையே அவரைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று தோன்றும்.

ஒத்திகை வைத்த அன்றைக்கு எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் நடையில் படுத்திருந்தோம். எப்படி அடைப்பது என்று காட்டுவதற்காக அவர் இரண்டு காதிலும் பஞ்சைச் சுருட்டி ஆழமாகத் திணித்துக்கொண்டார். சங்கு ஓய்ந்து எல்லோரும் எழுந்து தூசி தட்டினோம். அக்கா கீழே கிடந்த பஞ்சு உருண்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு வச்சியே, ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு எங்க?" என்றாள்.

"எங்கனா வுயுந்திருக்கும். ஊருக்கே பாடம் எடுக்கறேன், நீ எனக்கு எடுக்க வந்துட்டியா?" என்றார் அவர், எல்லோர் முன்னிலையிலும்.

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

உடனே காது அடைத்திருந்தால் பிழைத்திருப்பார். அப்படி அடைக்கவில்லை. கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். பஞ்சின்மேல் குறும்பி படியப் படிய, மாதக்கணக்கில் மெள்ள மெள்ள மூடிக்கொண்டது. அவர் சும்மா விட்டாரா? அக்காவின் கொண்டை ஊசியை எடுத்துக் குடைந்தார். அவள் ஊசிகளை ஒளித்துவைத்தாள். உடனே கடையிலிருந்து ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்து நுனியை வளைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாடிக்கைக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே அது காதுக்குள் போய்விடும். கொஞ்சம் அழுக்கு வந்தால் முகத்தில் ஒரு திருப்தி. வந்தது கொஞ்சம், உள்ளே போனது நிறைய. வாரா வாரம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வேறு.

"டாக்டராண்ட ஒரு தபா காட்டு. அந்தப் பஞ்சு உள்ளதான் கீதுன்னு தோணுது" என்று அக்கா கெஞ்சியது சுவர் வழியே எனக்கே கேட்டது. இரைந்து கத்தினால்தான் அவருக்குக் கேட்கும் என்று ஆகியிருந்தது.

அவர் போகவில்லை. ஏன் தெரியுமா? அதற்குள் தெருவில் யாரோ, "சைரன் சத்தத்துல போன காது" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பேர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பஜனை கோயில் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி கொடுத்தார்கள். பஞ்சு வைக்கக் கற்றுக்கொடுத்த ஆள் தன் காதுப் பஞ்சை எடுக்க மறந்துவிட்டான் என்று தெரிந்தால் தெரு கைகொட்டிச் சிரிக்கும். மனுஷனுக்கு வீம்பு. அந்த வீம்பைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். ஒரு வீட்டில் இரைந்து பேசினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். "கால் வலிக்குது" என்று புருஷனிடம் சொல்வதைக்கூட அக்கா கத்திச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் குழாயடியிலிருந்து யாராவது மருந்து சொல்வார்கள். அவளுக்கு மானம் போனது போல இருந்தது. அதோடு அவர் வேறு, "இன்னா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ஒழுங்கா சொல்லு" என்று எரிந்து விழுவார். ஒரு தரம் சொல்லி அவருக்குக் கேட்காவிட்டால் விட்டுவிடுவாள். பிறகு அதுவும் போய், கைஜாடைதான். சொம்பைக் காட்டுவாள், தட்டைக் காட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் சாயந்திரங்களில் அவர் குரல் மட்டும் கேட்கும். சிரிப்புச் சத்தம் நின்றே போய்விட்டது. 

நாற்பத்தாறில் அக்காவுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. அவர் கடையைத் திறக்கவே இல்லை, பக்கத்தை விட்டு நகராமல் விசிறிக்கொண்டிருந்தார். கடைசி நாள் மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பக்கத்தில் குனியும்போது அக்கா உதட்டை அசைத்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். "சரி, சரி" என்று தலையாட்டினார். அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "என்னாண்ட பேசிட்டுத்தான் போச்சு" என்று அவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. வலது காதில் குத்தல் எடுத்து அவருக்குத் தூக்கம் போயிற்று. நானும் என் வீட்டுக்காரரும் விடாப்பிடியாக மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் டாக்டர் ஸ்ரீரங்கனிடம் கூட்டிப்போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எதைப் போட்டுக் குடைஞ்சீர்?" என்று ஜாடையில் கேட்டார். இவர் பையிலிருந்து ஸ்போக்கை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"குறும்பி தானே வெளியில வந்துடும், அதை யாரும் தொடவே வேண்டாம்" என்று எங்களிடம் சொன்னார். "இவர் குத்திக் குத்திக் கல்லு மாதிரி உள்ள தள்ளி வெச்சிண்டிருக்கார். செவிப்பறை கிழியாம இருந்தா அது பகவான் புண்ணியம். இந்தச் சொட்டு மருந்தைக் கொஞ்ச நாள் விட்டு ஊறட்டும். ஆத்துல வேற எதையும் விடப்படாது, எண்ணெய் காய்ச்சி ஊத்தப்படாது."

ஊறிய பிறகு மறுபடி போனோம். டாக்டர் வெந்நீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்து, உடம்புச் சூட்டுக்கு ஆற்றி, பீச்சாங்குழல் மாதிரி ஒன்றால் மெதுவாகப் பீய்ச்சினார். கறுப்புக் கறுப்பாகக் கரைந்து வந்தது. கடைசியில் ஏதோ தலை நீட்டவும் இடுக்கியால் பிடித்து இழுத்துத் தட்டில் போட்டார். புளி உருண்டை மாதிரி இருந்தது. இடுக்கியால் பிரித்தால் உள்ளே பஞ்சு.

"தண்ணி சொட்டுது" என்றார் கோதண்டபாணி. மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். 

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அமீனாம்மா, அன்னிக்கி நீ கஞ்சி எடுத்துக்கினு வந்தே. பாஞ்சாலி என்னாண்ட இன்னாமோ சொல்லிச்சு. எனக்குக் கேக்கல. கேட்டா மாதிரி தலையாட்டிட்டேன். உனக்குக் கேட்டுதா?"

நல்லா இருன்னு சொன்னாங்க என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. ஆனால் இத்தனை வருஷம் இந்த மனுஷரைக் கெடுத்ததே அவருக்கு இதமாக இருந்த பொய்தான்.

"தண்ணி கேட்டாங்க, அண்ணே."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "சொம்பு என் கையாண்டதான் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"குடிச்சிச்சா?"

"நான் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாங்க."

"என்னாண்ட ஏன் இன்னொரு தபா கேக்கல?"

"உங்ககிட்ட ரெண்டாவது தபா கேக்கறதை அக்கா எப்பவோ விட்டுட்டாங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு நன்றாகக் கேட்டது.