அக்கா வாங்காத காய்

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் நான். சபையில் நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிறவள் அக்காவின் நினைவு மலரில் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதாவிட்டால் இதை வேறு யாரும் எழுத முடியாது.

என் அக்கா குன்றக்குடியில் பிறந்தார். அம்மா தவறியபோது எனக்கு ஆறு வயது, அவருக்குப் பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டார். பொரியலுக்குக் காய் எடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. அவரைக்காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் புழு பார்ப்பார். புடலையை நகத்தால் கீறிப் பார்ப்பார். முற்றிய காய் எங்கள் தட்டுக்கு வந்ததே இல்லை.

பிறகு கீழச்சிவல்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் மாமனாருக்கு முதல் வருடத் திதி வந்தது. ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். என்னைப் பெண் கேட்டிருந்தவர்களும் அந்த வீட்டுக்குச் சொந்தம். அவர்களும் சாப்பிட வருவதாக இருந்தது. திதிக்கு நாட்டுக் காய்தான் சமைப்பார்கள். கோஸ், பீன்ஸ் போன்ற சீமைக் காய் கூடாது. "அவரைக்கா பிஞ்சாப் பாத்து வாங்கிட்டு வா" என்று சொல்லித்தான் அக்கா என்னைக் காரைக்குடிச் சந்தைக்கு அனுப்பினார்.

சந்தையில் அவரை முழுவதும் சொத்தை. காய்க்காரர் பீன்ஸை அள்ளிக் காட்டினார்.

"இதுவும் அவரைக்குப் பங்காளிதேன் தாயி. பொடியா நறுக்கிப்புட்டா சாமிக்கே தெரியாது."

சிரித்துக்கொண்டே வாங்கினேன். நல்ல காய் கொண்டுவந்தாள் என்று பெயரெடுக்க ஆசை. நானே நறுக்கி, நானே தாளித்து இறக்கினேன். அக்கா குழம்பிலும் பாயசத்திலும் மும்முரமாக இருந்தார். திதிச் சமையலை முன்னால் யாரும் ருசி பார்ப்பதில்லை.

படையல் முடிந்து, காக்கைக்கு வைத்து, பந்தி நடந்தது. அத்தானின் அண்ணன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார்.

"என்ன காயிது?"

அக்காவின் மாமியார் வந்து பார்த்தார். "அடிப் பாவிகளா! சீமைக் காயைப் போட்டு எம் புருசனைப் பட்டினியாத் திருப்பி அனுப்பிட்டீகளே. யாரு வாங்குனது?"

நான் வாய் திறக்குமுன் அக்கா, "நாந்தேன் அயித்த" என்றார். என்னைப் பெண் கேட்டவர்கள் அதே பந்தியில் இருந்தார்கள்.

"இனிமே இந்த வீட்டு அடுப்ப நீ தொடாத" என்றார் மாமியார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "தங்கச்சிக்காரி வெவரமாத்தேன் தெரியுறா" என்றார்.

கொல்லையில் அழுதேன். "உண்மையச் சொல்லிடுறேங்க்கா."

"வாய மூடு. ஒனக்கு வந்திருக்கது நல்ல இடம். எனக்கு ஒரு கரண்டிதானே போகுது."

கரண்டி மட்டுமா போனது? பதினேழு வருடம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், ஓரகத்தி போட்டதைச் சாப்பிட்டார். ஒவ்வொரு திதிக்கும், "சீமைக்காய்க்காரி தள்ளி நில்லு" என்று கேலி செய்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். நான் அந்தப் பந்திகளில் சொந்தக்காரியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கடைசியில் அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்ன பொரியல் கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "எதையாவது கொண்டா" என்றார். காயைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வாங்கியது நான். இந்த மலரைக் கையில் வாங்கும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தலை சீவிவிட்ட பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும், கடைசிவரை தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. அந்த வீட்டாருக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. எனக்கும் யாரும் சொல்ல வேண்டாம்.

திதிக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து என் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.