ஈப்போவுக்கு நாலு பேர்

பட்டர்வொர்த் ரயில் நிலைய வாசலில் யாரோ என் பையின் கைப்பிடியைப் பற்றினார்கள். டெக்சி வேண்டுமா என்று மலாய் மொழியில் கேட்ட குரல், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. என் சித்தப்பா. கையை எடுத்தார், பிறகு மறுபடியும் பையை வாங்கிக்கொண்டார். "ரயில்லயாம்மா வந்தே?" என்றார். இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சித்தப்பா பினாங்குக்கும் ஈப்போவுக்கும் இடையே டெக்சி ஓட்டுபவர். நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி, வீட்டுப் பேச்சில் 'காடி', கிளம்பும். பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருக்கும் அவர் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில், விடுமுறைக்கு ஈப்போவில் அம்மாவைப் பார்க்க அதில்தான் போவேன். முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தால், தைப்பிங் தாண்டுவதற்குள் அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் தெரிந்துவிடும். அப்படி ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈப்போ அம்மாள் என் ஜாதகத்தைக் கேட்டு வாங்கினார். இன்று அவர் என் மாமியார். மின்ரயில் வந்ததும் இரண்டு ஊரும் பக்கத்தில் வந்துவிட்டன. நானும் அதற்கு மாறினேன். அதில் எத்தனையோ முறை போய்வந்தும், பக்கத்து இருக்கைக்காரர் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்று வீட்டில் சோறு போடும்போது, ஈப்போ சவாரிக்கு இன்னும் குறைவே இல்லை என்று சித்தி பெருமையாகச் சொன்னார். சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தானே ஈப்போவில் கொண்டுபோய் விடுவதாக அவர் சொன்னபோது, திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டதை நான் சொல்லவில்லை.

ஞாயிறன்று பட்டர்வொர்த்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னும் மூன்று பேருக்காக நின்றார். பினாங்குத் தீவிலிருந்து ஃபெர்ரியில் வந்து இறங்கியவர்கள் அவரைத் தாண்டி ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். முன்னிருக்கையில் இருந்த நான் கைப்பேசியில் ரயில் நேரத்தைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்துவிட்டார்.

"நீ ரயில்லயே போயிரும்மா. இனிமே ஆளு வர மாட்டாங்க லா."

மறுத்தேன், ஒரே ஒருமுறை. பையை நுழைவாயில்வரை அவரே தூக்கிவந்தார். குளிர்ந்த பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ரயில் பாரிட் புந்தாரை நெருங்கும்போது சித்தி அழைத்தார்.

"இன்னிக்கு காடி நெறைய ஆளாமே, சித்தப்பா போன் பண்ணாரு. நீ முன்னாலதானே ஒக்காந்திருக்கே?"

"ஆமா சித்தி, முன்னாலதான்."

ஒலிபெருக்கி அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். ஈப்போவுக்குப் போய்த் திரும்பும் நேரம் ஆகும்வரை சித்தப்பா வீட்டுக்குப் போக முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.