ஏலத்துக்குப் போன ஹெல்மெட்: தேவராஜ் அண்ணாச்சி நினைவாக

தேவராஜ் அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று அவர் மனைவி கிரேஸ் அக்கா போனில் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, “ரோட்டுலயா அக்கா?” என்பதுதான்.

“இல்லம்மா, வீட்டுலதான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாக. காப்பி போட்டு எழுப்புனேன், எந்திரிக்கல” என்றார் அக்கா.

துக்கச் செய்தி கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவது முறையல்ல. ஆனாலும் விட்டேன். ஆயுசெல்லாம் பைக்கில் அலைந்த மனிதர் தன் கட்டிலில், தன் தலையணையில் போயிருக்கிறார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அண்ணாச்சி ஆர்டர் பிடிப்பவர். நான் அங்கே தினசரித் தாள்களைப் பிழை பார்ப்பவள். இருவருக்கும் வீடு விருதுநகரில், அடுத்தடுத்த தெரு. சாம்பிள் ஆல்பங்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போவார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்த கடைக்காரர், எத்தனை வேண்டும் என்று சொல்லித்தான் வாயை மூடுவார். என்னைக் கண்டால் சீண்டாமல் போகமாட்டார். “மீனா, ரெண்டு அமாவாசை அடிச்சுக் கிடிச்சு வச்சிராத தாயி. ஊர்ல பாதிப் பேரு ரெண்டு நாளும் கறி திங்காமக் கெடப்பாக.”

சீசன் மும்முரத்தில் ஒருநாள், ஆமத்தூர் தாண்டி ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. பாலத்துச் சுவரில் போய்த் தலை மோதியது. காதோரம் கிழிந்து தையல் போட்டார்கள், தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் அதோடு சரி. “ரோடெல்லாம் சாமி படம். முருகன், மாதா, மெக்கா எல்லாரும் கீழ கெடக்காக. அவுகளே விழுந்துட்டாகன்னா நான் எம்மாத்திரம்?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னபோது, அழவந்த நாங்கள் சிரித்துவிட்டுத் திரும்பினோம்.

ஹெல்மெட்டை என்ன செய்வது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஷோகேஸில் வை என்றார் ஒருவர். பழைய இரும்புக்குப் போடு என்றார் இன்னொருவர். டாக்டர் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள தெர்மாகோல் நொறுங்கிப்போச்சு. இனிமே இது சும்மா தொப்பிதான். யாரும் போடக் கூடாது” என்றாராம். அண்ணாச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். பழைய இரும்புக்குப் போட்டால் யாராவது துடைத்து விற்றுவிடுவார்கள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை உடைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. விளைந்ததையும் வளர்த்ததையும் ஜனங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று ஒவ்வொன்றாக ஏலம் போகும். டாக்டர் சொன்னதை அறியாமல், நன்றிக் காணிக்கையாக என்ன படைப்பது என்று யோசித்த கிரேஸ் அக்காவுக்கு, புருஷன் உயிரைக் காத்த பொருளைவிட மேலான பொருள் வீட்டில் எதுவும் தென்படவில்லை. ஹெல்மெட்டைக் கழுவி, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, ரிப்பன் கட்டி, பூசணிக்காய்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அண்ணாச்சி பிழைத்து வந்த கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் ஏலம் விட்டார்கள். கூட்டம் சிலிர்த்துப்போனது. கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்தவர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்திருந்த பாக்கியம். பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை. அவர் கணவர் தங்கப்பாண்டிக்கும் பட்டாசு வேலைதான், தினமும் பைக்கில் போய்வருகிறவர்.

ஏலத்தை நான் நேரில் பார்க்கவில்லை. மறுநாள் அக்கா பூரிப்போடு சொல்லும்போதுதான் எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் முகம் வெளிறிவிட்டது.

“அந்தாளு அதப் போட்டுக்கிட்டு விழுந்தாருன்னா என்ன செய்வ?”

“கர்த்தருக்குக் குடுத்தத திரும்பிக் கேக்கக் கூடாதுங்க” என்றார் அக்கா, அழுகை முட்ட.

“கர்த்தருட்ட யாரு கேட்டா? பாக்கியத்துக்கிட்டதான கேக்கப் போறேன்.”

தையல் பிரித்து இரண்டு நாள்கூட ஆகாத மனிதரை அக்கா தனியே விடவில்லை. என்னைத் துணைக்குச் சேர்த்தார். புது ஹெல்மெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழியெல்லாம் புலம்பினார் அண்ணாச்சி. எதிரே ஹெல்மெட் போட்டு வந்த பைக்குகளை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். போய்ச் சேர்ந்தபோது பழைய ஹெல்மெட் தங்கப்பாண்டியின் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. நெற்றிப் பக்கம் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அவர் வேலை முடிந்து முழுசாகத் திரும்பியிருந்தார். அண்ணாச்சி வாசலிலேயே, “ஸ்தோத்திரம்” என்று உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியம் காப்பி கொடுத்து உபசரித்தார். ஹெல்மெட் பேச்சை எடுத்ததும் முகம் மாறியது.

“புதுசு நல்லதுதான் அண்ணாச்சி. ஆனா அது இதுவரைக்கும் யாரக் காப்பாத்திருக்கு? இது உங்களக் காப்பாத்துச்சில்ல?”

அண்ணாச்சி டாக்டர் சொன்னதைச் சொன்னார், தெர்மாகோலைச் சொன்னார். எந்தக் கடைக்காரரிடமும் தோற்காத மனிதர் அந்த அம்மாளிடம் திணறினார். “நாங்க ரெண்டு பேரும் தெனம் வெடிமருந்துக்குள்ள கைய வைக்கிறவுக. ஒரு ராசிப் பொருளு கைக்கு வந்திருக்கு. அதப் போயி கேக்கீகளே” என்று பாக்கியம் கண் கலங்கினார்.

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“தாயி, வெடிச்ச வெடியில மறுபடி திரி செருகுவீகளா?”

“அதெப்படி? அதுல என்ன இருக்கு, வெறும் பேப்பரு.”

“இது எனக்கு வெடிச்சிருச்சு தாயி. எம்புட்டு ராசியிருந்துச்சோ அம்புட்டையும் நானே தீத்துட்டேன். ஒங்க வீட்டுக்காரருக்கு மிச்சம் வைக்கல.”

பாக்கியம் கணவரைப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். “அப்பன்னா புதுச ஒருக்கா ஒங்க தலையில வச்சுக் குடுங்க.” அண்ணாச்சி புது ஹெல்மெட்டை அந்தப் பச்சைக் காயத்தின் மேல் அழுத்திப் போட்டார். கண்ணில் தண்ணீர் முட்ட, கழற்றித் தங்கப்பாண்டியின் கையில் கொடுத்தார்.

பழையதைத் தங்கப்பாண்டி கடப்பாரையால் ஒரு போடு போட்டார். ஓடு விலகியதும் உள்ளிருந்த தெர்மாகோல் துண்டு துண்டாக உதிர்ந்தது. “இதையா இவுக தலையில மாட்டி அனுப்புனேன்” என்று பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினார். அவ்வளவு நிம்மதியான குறட்டையை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு யார் கீழே விழுந்தார் என்று கேள்விப்பட்டாலும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். நலம் விசாரித்து முடித்ததும், “ஹெல்மெட்ட ஒடைச்சிட்டீகளா?” என்பார். கம்பெனியில் நாங்கள் வைத்த பெயர் ‘ஒடைசல் அண்ணாச்சி’. அவருக்கு அதில் பெருமைதான். அக்காவும் வருஷந்தோறும் ஏலத்துக்கு ஹெல்மெட் படைப்பதை விடவில்லை, பெட்டி பிரிக்காத புதுசாக.

அடக்கத்தன்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள். போன வருஷம் நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டதாகத் தங்கப்பாண்டி என்னிடம் சொன்னார். தலைதான் முதலில் தரையில் அடித்ததாம். எழுந்து உட்கார்ந்ததும் கல்லை எடுத்து அந்த ஹெல்மெட்டை அங்கனேயே உடைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். அண்ணாச்சிக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றார்.

பெட்டியை மூடப் போகும் நேரம். பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கணவரின் முதுகில் கைவைத்துப் பெட்டியருகே தள்ளி நிறுத்தினார்.

“பாத்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார். “இருக்காக.”

போய் வாருங்கள், அண்ணாச்சி.